ஹேர்ப் கார்னெகியை வீரர் என்றே எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஹொக்கி புகழ்மண்டபத் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை காலை, நோர்த் யோர்க் பிஞ்ச் அவெனியூவில் இருக்கும் அரீனாவில் குந்தியிருந்து மகனின் ஸ்கேற் லேஸை இறுக்கிக்கொண்டிருந்தேன். விரல் விறைத்துப் போயிருந்தது. அந்த அரீனாவுக்கு ஹேர்பேர்ட் கார்னெகி என்று பெயர். பக்கத்தில் இருந்த இன்னொரு தகப்பன், "ஆர் இவர், கவுன்சிலரா?" என்று கேட்டார். ஐஸ் ஹொக்கி விளையாடியவர் என்றேன். அவர் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "வீரர் பட்டியலில் இல்லையே, கட்டியெழுப்பியவர் என்று போட்டிருக்கு. இந்த அரீனாவைக் கட்டினவரோ?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. உங்கள் பட்டியல் அப்படித்தான் சொல்கிறது: வீரர்களுக்கு ஒரு பிரிவு, விளையாட்டை வளர்த்த நிர்வாகிகள் போன்றோருக்குக் 'கட்டியெழுப்பியோர்' என்று இன்னொரு பிரிவு, இவர் இரண்டாவதில்.

கார்னெகியின் கதையை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. 1919இல் ரொறன்ரோவில் ஜமேக்கப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. சகோதரர் ஒஸ்ஸியையும் மேனி மக்கின்ரயரையும் சேர்த்துக்கொண்டு கியூபெக்கில் அவர் ஆடிய கறுப்பின முன்வரிசையைப் பார்க்க ஊரே திரண்டது. 1946, 1947, 1948 என்று மூன்று வருடம் தொடர்ந்து கியூபெக் லீக்கின் மிகச் சிறந்த வீரர். 1947–48 பருவத்தில் 56 ஆட்டங்களில் 127 புள்ளிகள். இதெல்லாம் கட்டுமான வேலை இல்லை, ஐயாமாரே. கோல் போட்டதும் போட வைத்ததும்.

1948இல், வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடும் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமுக்கு அழைத்தது. முதலில் 2,700 டொலர், ரக்கோமாவுக்குப் போ என்றார்கள். பிறகு 3,700, செயின்ற் போல். பிறகு 4,700, நியூ ஹேவன். மூன்றுமே கீழ்மட்ட அணிகள். கியூபெக்கின் ஷேர்ப்ரூக் அணியில் அவர் அப்போது வாங்கிக்கொண்டிருந்ததோ 5,100. கையெழுத்துப் போட்டால் உலகமெல்லாம் தலைப்புச் செய்தியாக வருவாய் என்று ஆசை காட்டினார்கள். தலைப்புச் செய்தியை என் குடும்பம் சாப்பிட முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். வந்த வாய்ப்பை அவரே விட்டார் என்று இன்றைக்கும் சிலர் கதைக்கிறார்கள். மனைவி பிள்ளைகளோடு இருக்கும் ஒருவர், கியூபெக் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், 400 டொலரைக் குறைத்துக்கொண்டு கீழே போய் இன்னும் எதை நிரூபிக்க வேண்டும்? அதற்கு முந்திய வருடமே கறுப்பின வீரர் ஜக்கி றொபின்சன் பேஸ்போல் பெரிய லீக்கில் ஆடத் தொடங்கிவிட்டார். என்.எச்.எல்.லில் முதல் கறுப்பின வீரராக வில்லி ஓரீ வர 1958 ஆனது.

என்.எச்.எல்.லில் ஆடாதவரை எப்படி வீரர் என்பது என்று கேட்காதீர்கள். பிராங்க் மக்கீ உங்கள் வீரர் பட்டியலில் இருக்கிறார். அவர் 1916இல் போரில் இறந்தபோது என்.எச்.எல். பிறக்கவே இல்லை. சோவியத்தின் ட்ரெட்யாக்கும் கார்லமோவும் இருக்கிறார்கள், அவர்களும் அங்கே ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. கியூபெக் ஏசஸ் அணியில் கார்னெகியோடு ஆடிய ஜோன் பெலிவோ 1972இலேயே வீரராக உள்ளே வந்துவிட்டார்.

2022இல், கார்னெகி இறந்து பத்து வருடம் கழித்து, அவரையும் சேர்த்தீர்கள். நன்றி, உண்மையாகவே. ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஹொக்கிப் பள்ளி நடத்தினார், அதற்கும் மரியாதை வேண்டும்தான். ஆனால் அந்தக் 'கட்டியெழுப்பியோர்' பிரிவில் இன்னும் யார் இருக்கிறார் என்று பார்த்தீர்களா? ரொறன்ரோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீஃப்ஸை நடத்திய கொன் ஸ்மைத், 1958 முதல். இவனை வெள்ளையனாக மாற்ற முடிந்தால் நாளைக்கே எடுத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னதாகப் பயிற்சியாளர் வந்து சொன்னபோது கார்னெகி பதின்ம வயதுப் பிள்ளை. சாகும்வரை அந்தச் சொல் அவரை விடவில்லை. கதவைச் சாத்தியவருக்கும் வெளியே நின்றவருக்கும் ஒரே வரிசையில் இடம். சமத்துவம் என்றால் இதுதான் போல! ஸ்மைத் பெயரில் வருடாவருடம் கோப்பை வேறு.

ஹொக்கி எல்லாருக்கும் என்று பதாகை கட்டுகிறீர்கள். எல்லாருக்குமான விளையாட்டில் ஒரு பிள்ளையின் ஸ்கேற்றும் ஹெல்மெற்றும் மூன்று சம்பளத்தை விழுங்குகின்றன, ஐஸ் கிடைப்பது விடிய ஆறு மணிக்கு. சரி, அது உங்கள் கையில் இல்லை. மன்னியுங்கள்.

இது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த ஜூனில் கூடும்போது, 18 பேரில் 14 பேர் வாக்களித்தால் போதும். ஹேர்ப் கார்னெகியை வீரராகவும் எழுதுங்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோர்த் யோர்க்கிலிருந்து ஒரு ஹொக்கித் தகப்பன்

பி.கு: ஒஸ்ஸியும் மேனியும் இன்னும் உங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.