படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆயர் ஈத்தாம் சந்தையில் காய்கறி விற்கிறேன். நாள் முழுக்க ஈரமும் வியர்வையும். எங்களில் பலருக்கு இடுப்பு மடிப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை என்னும் பூஞ்சைத் தோல்நோய் வட்டம் வட்டமாக வருகிறது. மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்று சொல்லும் சீமை அகத்தி, மஞ்சள் பூ மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்குமே, அதன் இலையை அரைத்துப் பூசுவது தோட்டப்புற வழக்கம். அதிலுள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையை ஒடுக்கும். புதிதாக வந்த சிறு வட்டத்துக்குச் சரி. குழந்தையின் தலையில் வந்து முடி கொட்டினால் இலையோடு நாள் கடத்தாதீர்கள். அதற்கு மருத்துவர் தரும் மாத்திரை வேண்டும். பச்சைப் பூண்டை வைத்துக் கட்டாதீர்கள், தோல் வெந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை, தெரிந்தவர் கொடுக்கும் ஸ்டீராய்டு களிம்புதான். அரிப்பு உடனே அடங்கும். அப்புறம் வட்டம் உருமாறிப் பரவும். மருந்தகத்தில் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சைக்கான களிம்பைக் கேளுங்கள். தடம் மறைந்த பிறகும் 2 வாரம் பூசுங்கள்.

வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு