கிறிஸ்தவ மரபுக் காட்சிக்கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

கிறிஸ்தவ மரபுகளைத் தொட்டும் இயக்கியும் அறிந்துகொள்வதற்கான காட்சிக்கூடப் பணி இறையருளால் நிறைவடைந்தது. பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெயர் ஒட்டினால், வருபவர் பெயரோடு போய்விடுவார். எதற்காக அப்படிச் செய்கிறோம் என்பது கையால் செய்து பார்த்தால்தான் பிடிபடும்.

முதன்மையானது, திருச்சபையின் விழாக்களையும் காலங்களையும் காட்டும் வழிபாட்டு ஆண்டுச் சக்கரம். 18 மி.மீ. பிளைவுட்டில் 120 செ.மீ. விட்டமுள்ள வட்டம், விளிம்பில் 365 கோடுகள், நாளுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். கிறிஸ்துமஸ், ஜனவரி 6 திருக்காட்சி போன்ற மாறாத நாள்கள் இதில் பதிந்துள்ளன. மேலே நகரும் தட்டில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முதல், தூய ஆவியார் இறங்கியதை நினைவுகூரும் பெந்தெகொஸ்தே வரை வண்ணப் பட்டை. ஈஸ்டருக்கு 46 நாள் முன்பு ஒரு முனை, 49 நாள் பின்பு மறுமுனை. அந்த 46-இல் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் தவக்காலத்தின் 40 நாள்கள். ஈஸ்டர் முள்ளை 2026-க்குரிய ஏப்ரல் 5-இல் நிறுத்துங்கள்: பிப்ரவரி 18-இல் திருநீற்றுப் புதனும் மே 24-இல் பெந்தெகொஸ்தேயும் தாமாகவே வந்து பொருந்தும்.

தட்டு முழுச்சுற்று சுற்றாது. மார்ச் 22, ஏப்ரல் 25 இரண்டிலும் தடுப்பு முளைகள் உண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் திருச்சபைக் கணக்குப் பௌர்ணமிக்கு (வானில் காண்பதல்ல, திருச்சபை அட்டவணைப்படி கணிப்பது) அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்பதால் முள் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. பேரிங்குக்கும் அதுவே பாதுகாப்பு. தடுப்பில்லாத தட்டைச் சிறுவர்கள் வேகமாகச் சுழற்றியே தேய்த்துவிடுவார்கள். பட்டை ஒரே பக்கம் இருப்பதால் கனம் அங்கே இழுக்கும். எதிர்ப்புறத்தில் எடை வைத்து, அச்சில் ஃபெல்ட் வளையம் போட்ட பிறகே விட்ட இடத்தில் நிற்கிறது. ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் கிழக்குச் சபைகளுக்கு ஈஸ்டர் மே மாதத்திலும் வரக்கூடும். அதற்குப் பக்கத்தில் தனிப் பலகை வைத்துள்ளோம்.

அடுத்தது பாஸ்கா திரி, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாட்டில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி. மரத்தாலான திரியில் சிலுவை, மேலே கிரேக்க முதல் எழுத்தான ஆல்ஃபா, கீழே கடைசி எழுத்தான ஒமேகா, நான்கு கோணங்களில் ஆண்டின் நான்கு இலக்கங்கள், ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து தூப மணிகள் என ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். காந்தத்தை ஒட்டவில்லை, மரத்துக்குள் புதைத்து மூடியிருக்கிறோம். ஒட்டிய காந்தம் நாளடைவில் கழன்றுவிடும். குழந்தை இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும். துண்டுகள் தொலையாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சாண் கயிறு. சுடர் எல்.இ.டி. விளக்கு.

ஒலி விளக்கங்களைக் காதில் வைத்துக் கேட்கும் கருவியில் கொடுத்தோம். ஒலிபெருக்கி வைத்தால் திருமுழுக்குப் பகுதியின் விளக்கமும், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகக் காட்டும் சிலுவைப் பாதையின் விளக்கமும் கலந்து இரண்டுமே புரியாது. சிலுவைப் பாதையின் 14 நிலைகளும் விரலால் தடவி உணரும் புடைப்புச் சிற்பங்கள். ஓரங்களை வழவழப்பாக இழைத்துள்ளோம். மேசைகளுக்கு அடியில் சக்கர நாற்காலி நுழைய 70 செ.மீ. இடைவெளி இருக்கிறது. சபைக்குச் சபை வழக்கு வேறாதலால் தவக்காலம், லெந்து என இரு பெயர்களையும் எழுதியுள்ளோம்.

பராமரிப்புக் குழுவுக்கு: திரியின் ஆண்டு இலக்கத்தை ஈஸ்டர் திருவிழிப்புக்கு (முந்தைய இரவு வழிபாட்டுக்கு) முன் மாற்றவும். தூப மணமுள்ள ஜாடியை மூடியே வைக்கவும்; திறந்து கிடந்தால் மணம் போய்விடும். சக்கரத்தில் பிப்ரவரி 29 இல்லை. 2028-இல் திருநீற்றுப் புதன் மார்ச் 1 என்பதால் சிக்கல் வராது. 2032-இல் பிப்ரவரி 11-க்குப் பதில் 10 காட்டும். அவ்வாண்டு பட்டையின் முனையில் பொருத்த வேண்டிய திருத்தத் துண்டு சக்கரத்தின் பின்புறப் பையில் உள்ளது.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்