வயலையும் எழுதச் சொல்லு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. செட்டிநாட்டைப் பற்றிப் பேரன் பள்ளிக்கூடத்துக்கு எழுதியதை வாசித்தேன். ஆத்தங்குடிக் கல், பர்மா தேக்கு, பின்தெரு வரை நீளும் வீடு, எல்லாம் இருக்கிறது. ஒரு வயல்கூட இல்லையே, ஆத்தா. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வீடுகளில் பலவும் நெல்லால் எழும்பியவை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கீழ் பர்மாவில் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த பணம் அது. 1930 வாக்கில் நெல் விலை விழுந்தபோது அங்கே கடனைக் கட்ட முடியவில்லை. சில வருஷங்களிலேயே முக்கியமான நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் இவர்கள் கைக்கு வந்துவிட்டது. 1942இல் ஜப்பான் படை வந்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்த அந்தப் பர்மாக்காரரும் நம்மைப்போல நாற்று நட்டவர்தான்.

இங்கே நமக்குச் செம்மண், அடியில் செம்பூரான் கல். வற்றாத ஆறு கிடையாது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கண்மாயில் பிடித்தால்தான் தையில் அறுப்பு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சி இருந்தார். களத்திலேயே நெல்லாக அளந்து கூலி. பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். தண்ணீரைப் பங்கிட்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத அநியாயத்தை நான் கண்ணால் பார்த்தவன். பேரனுக்கு அதை மறைக்காதே.

நம் ஊர் சிவகங்கை ஜமீனில் இருந்தது. என் அப்பா, உன் அய்யா, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குத்தான் உழுதார். அறுத்த நெல்லில் பாதி களத்தைவிட்டு வெளியே போய்விடும். அப்பத்தா விதைநெல்லைக் குலுக்கை என்ற மண் குதிரில் போட்டு, பசித்தாலும் தொடமாட்டாள். 1948 சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை ஊர்கூடி வெட்டும் பழக்கம் அப்புறம் மெல்ல விட்டுப்போனது. இப்போது அதில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

நகரத்தார் வெட்டிய ஊரணியில்தான் நாம் தண்ணீர் குடித்தோம், அதையும் அவன் எழுதட்டும்.

சித்திரையில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. கண்மாய் வற்றிக் கிடக்கும்போதுதான் மடைக்கல் அடிவரை தெரியும். இறங்கிப் பார்க்கலாம்.

அன்புடன்,
அப்பா