பால் ஊற மருந்து: எப்போது, எவ்வளவு, யாருக்குக் கூடாது?

ஆசிரியருக்கு, வணக்கம்.

பிரசவமான தாய்க்குப் பால் ஊற உதவும் மூலிகைகள் பற்றித் தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையில் மூலிகைகளின் பெயர்கள் சரியாகவே இருந்தன. ஆனால் எந்த நாளில் தொடங்குவது, எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. வீடுகளில் கோளாறு வருவது அங்கேதான்.

குழந்தை பிறந்த அன்றே தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியையும் வெந்தயக் களியையும் ஆரம்பித்துவிடுகிறார்கள். அன்றைக்கு அவற்றுக்கு வேலையே இல்லை. நச்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மளமளவெனக் குறையும். அதன் விளைவாக இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பால் தானாக இறங்கும். அதுவரை வருவது சீம்பால். முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிதான் வரும். குழந்தைக்கு அது போதும். மூன்றாம் நாள் மார்பு கனத்ததும் பொடிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. பொடி கொடுக்காத வீட்டிலும் அன்று கனக்கத்தான் செய்யும்.

இதில் ஒரு பாதகம் உண்டு. மருந்து கொடுத்தும் மார்பு மெத்தென்றே இருக்கிறது, ஆகவே பால் இல்லை என்று முடிவு கட்டி, இரண்டாம் நாளே புட்டிப்பால் வாங்கப்படுகிறது. வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. உறிஞ்சி வெளியேற்றாத பால் மார்பில் தேங்கினால் சுரப்பும் அடங்கிவிடும். பிறகு எந்தக் கிழங்கை அரைத்துக் கொடுத்து என்ன பயன்?

ஆகவே முதல் மூன்று நாள் கவனம் முழுவதும் பிள்ளையை மார்பில் போடுவதில் இருக்கட்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். இரவுப் பாலைத் தவிர்க்கக் கூடாது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, முகவாய் மார்பில் பதிந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் காம்பு புண்ணாகும், பாலும் வராது. சிசேரியன் ஆனாலோ குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலோ, முதல் ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்கி, நாளைக்கு எட்டு முறையாவது எடுத்துப் பாலாடையில் (சங்கில்) புகட்டலாம்.

இவ்வளவும் செய்து, முதல் வாரம் முடிந்தும் பால் குறைவாக இருந்தால்தான் மூலிகையின் முறை வருகிறது. தண்ணீர்விட்டான் கிழங்கைப் பால் கஷாயமாகக் கொடுப்பது நல்லது. ஒரு பங்கு மருந்துக்கு எட்டுப் பங்கு பால், முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் என்பது பழைய கணக்கு. 5 கிராம் கிழங்குக்கு 40 மில்லி பால், 160 மில்லி தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் தண்ணீர் சுண்டிப் பால் மட்டும் மிஞ்சும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். கிழங்கின் சத்து இறங்க நெடுநேரம் கொதிக்க வேண்டும். வெறும் பாலில் போட்டால் அது அடிப்பிடித்துவிடும். கிழங்கை வாங்கும்போது தோலும் நடுநரம்பும் நீக்கியதாகப் பார்த்து வாங்குங்கள். பொடியாக வாங்கினால் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள டப்பாவாக இருக்கட்டும்.

வெந்தயம் நாளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஊற வைத்துக் கஞ்சியில் வேக வைக்கலாம். அளவு மீறினால் தாய்க்கு வயிற்றுப்போக்கு வரும். வெந்தயம் சர்க்கரை அளவை இறக்கும் என்பதால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கும், நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களுக்கும் வேண்டாம். முருங்கைக்கீரை, பூண்டு, பால்சுறாப் புட்டு எல்லாம் நல்ல உணவு. மருந்தாகக் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம்.

ஆதாரம் எவ்வளவு என்றும் சொல்லிவிட வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2020-இல் வெளியானது. அது பால் பெருக்கும் மருந்துகள், மூலிகைகள் பற்றிய 41 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சில மூலிகைகள் பாலைக் கூட்டலாம், ஆனால் உறுதி மிகக் குறைவு என்றே முடித்தது. அதனால் ஒரு வாரம் கொடுத்தும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள், அளவைக் கூட்டாதீர்கள்.

2015-இல் தொடங்கி அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பட்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் சௌபாக்ய சுண்டி லேகியமும் இருந்தது. அதில் முதன்மைச் சரக்கு சுக்கு, செரிமானத்துக்கு நல்லது. ஆனால் லேகியம் என்றாலே வெல்லமோ சர்க்கரையோ நிறைய இருக்கும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் பாட்டி சொல்லும் நெல்லிக்காய் அளவு லேகியம்கூட எடுக்கக் கூடாது. பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கும் பத்தியமும் வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கட்டும்.

மல்லிகைப்பூ விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்ற வழக்கத்தை வேலூரில் சோதித்து 1988-இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். பால் குறைந்தது உண்மை. பால் கட்டியதற்கு வைத்தியம் என்று பாலூட்டும் தாய்க்கு அதைச் செய்துவிடக் கூடாது.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகாத குழந்தையையும், இரண்டு வாரமாகியும் பிறந்த எடையை எட்டாத குழந்தையையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். கூடவே தாய்க்கு நச்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, பிரசவத்தில் இரத்தப்போக்கு மிகுந்திருந்ததா, தைராய்டு குறைவா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் காரணங்களால் பால் குறைந்திருந்தால் மூலிகை கேட்காது.

– சித்த மருத்துவர் ஒருவரும் தாய்ப்பால் ஆலோசகர் ஒருவரும்,
மதுரை