பித்தளை அம்மன் சிலை: வாங்குமுன் பார்க்க வேண்டியதும் துலக்குமுன் யோசிக்க வேண்டியதும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நவராத்திரி நெருங்குகிறது. பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரி பூஜைக்காகக் களியக்காவிளை தாண்டி ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போகும் நாட்களில் எங்கள் கடையிலும் கூட்டம் கூடும். வருபவர்கள் எல்லாருமே புதிதாக வாங்க வருவதில்லை. வீட்டில் இருக்கும் பழைய சிலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இது எந்த அம்மன்?" என்று கேட்பவர்கள் பலர். தேய்த்துத் தேய்த்துச் சிலையின் கையில் இருந்தது இன்னதென்றே தெரியாமல் போயிருக்கும். அதனால்தான் சிலையின் பொருளையும் அதைத் துலக்கும் விதத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

அம்மன் யார் என்பதைக் கையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முகம் பெரும்பாலான வார்ப்புகளில் ஒரே மாதிரிதான். நான்கு கைகளில் பாசம், அங்குசம், கரும்பு வில், மலரம்பு இருந்தால் காமாட்சி அல்லது லலிதாம்பிகை. இந்த நான்குக்கும் லலிதா சஹஸ்ரநாமமே விளக்கம் தருகிறது: பாசம் ஆசை, அங்குசம் கோபம், கரும்பு வில் மனம், ஐந்து அம்புகள் ஐந்து தன்மாத்திரைகள். அதாவது ஓசை, தொடுகை, உருவம், சுவை, மணம். ஆகவே வாங்கும்போது வில்லில் கரும்பின் கணு தெரிகிறதா என்று பாருங்கள். கணு இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது வெறும் வில்தான். மலிவான மண் அச்சு வார்ப்பில் முதலில் மழுங்குவது இந்தக் கணுவும் அம்பு நுனியில் உள்ள பூவும்.

மீனாட்சிக்கும் ஆண்டாளுக்கும் குழப்பம் வருவது இயல்பு, இருவரிடமும் கிளி உண்டு. மீனாட்சிக்குக் கிளி வலக்கையில். இடக்கை தொங்கலாக இருக்கும். ஆண்டாளுக்குக் கிளி இடக்கையில், கொண்டையும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கொண்டையைப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

கன்னியாகுமரி அம்மன் நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கேட்கப்படும் உருவம். இரண்டே கை, வலக்கையில் ஜபமாலை, தவக்கோலம். சிறிய சிலைகளில் அந்த மாலை அரிசி நுனி அளவு மணிகளாகத்தான் இருக்கும். சில வருடப் புளித் தேய்ப்பில் மணி எல்லாம் ஒன்றாகி ஒரு கோடு ஆகிவிடும். அதன்பின் அவளைப் பார்வதி என்றாலும் மறுக்க முடியாது. "மண்டைக்காட்டம்மன் சிலை" என்று கேட்பவர்களிடம் நாங்கள் நேராகவே சொல்லிவிடுவோம்: மண்டைக்காட்டுக் கோயில் மூலஸ்தானத்தில் வளர்ந்து நிற்பது புற்று. அந்தப் பெயரில் சந்தையில் விற்பது பெரும்பாலும் மாரியம்மன் அச்சுதான். உடுக்கை, சூலம், பாசம், கபாலம், ஒரு கால் மடித்து ஒரு கால் தொங்கவிட்ட இருப்பு. வாங்கிக் கும்பிடுவதில் தவறில்லை, பெயரை நம்பி மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

லட்சுமிக்கு மேல் கைகளில் தாமரை, கீழ்க் கைகளில் அபயமும் வரதமும். இருபுறமும் யானை நின்று நீர் ஊற்றினால் கஜலட்சுமி. உங்கள் வீட்டுக் காமாட்சி விளக்கின் பின் தகட்டை ஒருமுறை பாருங்கள். அங்கே இருப்பதும் கஜலட்சுமிதான். சரஸ்வதிக்கு வீணை, சுவடி, அட்சமாலை. இங்கே பூஜை வைப்புக்காக, அதாவது நவராத்திரியில் புத்தகங்களைச் சரஸ்வதி முன் வைத்துக் கும்பிடுவதற்காக, வாங்குபவர்கள் வீணையின் தந்திப் பகுதி தனியாக ஆணி வைத்துப் பொருத்தியதா, உடலோடு சேர்த்து வார்த்ததா என்று பார்த்து வாங்கவும். புத்தகம் எடுக்கும்போதும் வைக்கும்போதும் கை பட்டு, ஒட்டவைத்த வீணைதான் முதலில் ஆடும். அன்னபூரணியின் கரண்டி பெரும்பாலும் தனித் துண்டு, அதுவும் தொலையும். ஒரு கிண்ணத்தில் பச்சரிசி நிரப்பி அதன்மேல் வைக்கும் வழக்கமுள்ளவர்கள், வாரம் ஒருமுறை அந்த அரிசியை மாற்றிச் சமையலுக்கு எடுக்கும்போது கரண்டி அரிசிக்குள் போய்விடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டுக் கை துர்க்கை புலிமேல் அல்லது சிங்கத்தின்மேல் அமர்ந்திருப்பது வடக்கத்தி மரபு. இன்று கடைகளில் கிடைக்கும் பித்தளைச் சிலைகளில் பெரும்பங்கு உத்தரப்பிரதேசத்து அலிகார், மொராதாபாத் பக்கமிருந்து வருவதால் அந்த உருவமே கண்ணில் படுகிறது. நம் பக்கத்துக் கோயில் கோஷ்டத்தில் (கருவறை வெளிச்சுவர் மாடத்தில்) நிற்கும் துர்க்கை எருமைத்தலைமேல் நிற்பாள், சங்கும் சக்கரமும் ஏந்தியிருப்பாள். இரண்டும் சரி. குலவழக்கம் எதுவோ அதை வாங்குங்கள். பத்ரகாளியை வீட்டில் வைக்கலாமா என்ற கேள்விக்கும் எங்கள் பதில் இதுவே. குடும்பத்தில் காளி வழிபாடு உண்டென்றால் பயப்பட ஒன்றுமில்லை. இல்லையென்றால் யாரோ சொன்னார்கள் என்பதற்காக வாங்கவும் வேண்டாம். அளவைப் பொறுத்தவரை, வீட்டு வழிபாட்டுச் சிலைக்குப் பெருவிரல் கணு அளவிலிருந்து ஒரு சாண் வரை என்று மத்ஸ்ய புராணம் சொல்கிறது. ஒரு சாணுக்கு மேல் போனால் தினமும் அபிஷேகம், நிவேதனம் என்று ஒழுங்காகச் செய்ய முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உலோகம் உண்மைதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காந்தம் பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது, துத்தநாகக் கலவையில் வார்த்துப் பித்தளை நிறம் பூசியதையும் காந்தம் பிடிக்காது. சமையலறை எடைத் தராசில் சிலையை நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யம் ஆக்கி, சிலையை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க முக்குங்கள். அடி திறந்த சிலை என்றால் சாய்த்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் 8.4 முதல் 8.7 வரை வரவேண்டும். 1,700 கிராம் சிலைக்குத் தராசு ஏறக்குறைய 200 காட்டும். 6.7 அளவில் நின்றால் அது துத்தநாகக் கலவை. அதற்கும் கீழே போனால் உள்ளே சிமெண்டோ அரக்கோ அடைத்திருக்கலாம், அல்லது உள்கூடு மூடியிருக்கலாம்.

இனித் துலக்குவது. புதுச் சிலையில் லாக்கர் பூச்சு, அதாவது நிறம் மங்காமலிருக்க அடிக்கும் வார்னிஷ் போன்ற பூச்சு, இருக்கும். ஒரு மூலையில் புளித் தண்ணீர் வைத்து ஒரு நிமிடத்தில் நிறம் மாறவில்லையென்றால் பூச்சு இருக்கிறது. அலங்காரத்துக்கு மட்டும் வைப்பதானால் பூச்சு இருக்கட்டும், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அபிஷேகம் செய்வதானால் முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. கீறல் விழுந்த இடத்தில் ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் கறுத்தால், பூச்சை எடுக்காமல் எதைத் தேய்த்தும் போகாது. பெயிண்ட் கடைத் தின்னரைப் பஞ்சில் நனைத்து, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் விளக்கெரியாமல் துடைத்தெடுக்கவும்.

புளி தேவைப்படும்போது எலுமிச்சை அளவு போதும். கால் டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கொட்டையும் நாரும் இல்லாமல் வடிகட்டுங்கள், கொட்டைதான் கீறும். உப்பு சேர்க்க வேண்டாம். பாத்திரத்துக்கு உப்பு சரி, ஆனால் சிலையின் மடிப்பில் தங்கும் உப்பு பச்சைக் களிம்பாகத் திரும்ப வரும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு, குளச்சல் பக்கம் குறிப்பாக, காற்றிலுள்ள உப்பே போதுமான தொல்லை. விரலால் பூசி இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து செம்பு மேலே நிற்கும். மறுநாள் காலையில் சிலையில் ரோஸ் நிறத் திட்டுகள் தெரிவது அதனால்தான். கழுவிய உடனே பருத்தித் துணியால் ஒற்றி, மடிப்புகளில் ஈரமில்லாமல் உலரவிட்டு, பரந்த பகுதிகளை மட்டும் விபூதியால் மெருகிடுங்கள். முகத்திலும் கையிலும் விபூதியோ சபீனாவோ வேண்டாம். அந்த இடங்களுக்குப் பழைய மெல்லிய பல்துலக்கியும் மூங்கில் குச்சியும் போதும். வருடத்துக்கு நான்கு முறை புளி, மற்ற வாரங்களில் உலர்ந்த துணி. இதற்குமேல் தேய்ப்பது பக்தியாக இருக்கலாம், சிலைக்கு நல்லதில்லை. பளபளப்பு கொஞ்சம் குறைந்து பொன்பழுப்பு ஏறிய அம்மன் அழகாகவே இருப்பாள்.

தேங்காயெண்ணெய் தடவி அப்படியே வைத்துவிடாதீர்கள், விளக்கின் அடியில் சேரும் பச்சைப் பசை சிலையிலும் சேரும். தடவினால் முழுக்கத் துடைத்தெடுங்கள். குங்குமத்தை நேராக வைக்காமல் சந்தனப் பொட்டிட்டு அதன்மேல் வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயிர், எலுமிச்சைச் சாறு, பஞ்சாமிர்தம் முதலியவற்றைப் பித்தளைச் சிலைமேல் ஊற்றிப் பிடித்து, அதைப் பிரசாதமாகக் குடிக்க வேண்டாம். புளிப்பு செம்பையும் துத்தநாகத்தையும் கரைக்கும். வார்ப்புப் பித்தளையில் காரீயமும் கலந்திருக்கலாம். குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. அபிஷேகத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, நிவேதனத்துக்கு வேறு கிண்ணத்தில் தனியாக வையுங்கள். அபிஷேகம் முடிந்ததும் வெந்நீரில் கழுவி, திருவாசியை (சிலைக்குப் பின்னால் நிற்கும் வளைவை) கழற்றி அதன் ஊசித் துளையையும் துடைக்கவும். களிம்பு அங்கேதான் முதலில் பிடிக்கும்.

கழன்ற சூலம், கிளி, கரண்டி ஆகியவற்றைப் பசையால் ஒட்டாமல் எடுத்து வாருங்கள். பசை ஒட்டிய இடத்தை முழுக்கச் சுரண்டிய பிறகுதான் பற்றவைக்க முடியும், அந்தச் சுரண்டலில் விரல் நுனி போய்விடும். கொலுப்படி கட்டும் முன்பாகக் கொண்டுவந்தால் பற்றவைத்து மெருகிட்டுத் தர நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
பித்தளைப் பாத்திரம், விளக்கு, சிலைக் கடையார்
களியக்காவிளை