அந்தக் கேள்வியை மருத்துவரே கேட்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதுமையில் வரும் பார்வை இழப்பு குறித்த தங்கள் தலையங்கம் கண்புரை, கண்ணழுத்த நோய், விழித்திரை மையச் சிதைவு ஆகியவற்றைத் தெளிவாக விளக்கியிருந்தது. ஆனால், பார்வை மங்கியவர்கள் பலர் வெளியே சொல்லாமல் மறைக்கும் ஒன்று அதில் விடுபட்டுவிட்டது. இல்லாத உருவங்கள் கண்முன் தெரிவதைத்தான் சொல்கிறேன். ‘சார்லஸ் பானே நோய்க்குறி’ எனப்படும் இது மனநோய் அல்ல, மறதிநோயும் அல்ல. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே காட்சிகளை உருவாக்கிக்கொள்கிறது. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் பானே தம் தாத்தாவுக்கு நேர்ந்ததை 1760-லேயே எழுதிவைத்தார். இத்தனை காலம் கடந்தும் வீடுகளில் இதற்குப் பெயர் ‘புத்தி பேதலிப்பு’தான்.

விழித்திரை மையச் சிதைவால் பார்வை குன்றிய என் அம்மா, ஜன்னலோரம் விரல் உயரச் சிறுவர்கள் வரிசையாக நடந்துபோவதை எட்டு மாதங்களாகப் பார்த்துவந்தார். சிவப்புத் தொப்பி, சட்டைப் பொத்தான் வரை அத்தனையும் துல்லியம். சத்தம் மட்டும் இல்லை. அவை நிஜமல்ல என்று அவருக்கே தெரியும். பைத்தியம் என்று நினைத்துவிடுவோமோ என்று பயந்து எங்களிடம் வாய் திறக்கவில்லை. அந்த எட்டு மாதத் தனிமையை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. மருத்துவர் காரணத்தைச் சொன்ன அன்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினார். எனவே, பார்வை குறைந்த முதியோரைப் பரிசோதிக்கும் ஒவ்வொரு கண் மருத்துவரும், “இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா?” என்று தாமே கேட்பதை வழக்கமாக்க வேண்டும். அதுவும், உடன் வந்தவர்களை வைத்துக்கொண்டே கேட்பது நல்லது.