கேக்குதா? என் குரல் கேக்குதா?

என் இனிய சண்டைக்காரிக்கு,

உன் மெயில் வந்து பதினோரு நாள் ஆச்சு, திட்டாத. படிச்ச உடனே பதில் போடணும்னுதான் உக்காந்தேன், ரெண்டு வரி அடிச்சேன், அதுக்குள்ள ஒரு மீட்டிங் லிங்க் வந்துச்சு, அது முடிஞ்சு இன்னொண்ணு, அப்படியே போயிடுச்சு. கண்ணாடி பவர் ஏறியிருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஸ்க்ரீன் பாக்கறீங்கன்னு டாக்டர் கேட்டார், நான் பாதியா குறைச்சுதான் சொன்னேன், அதுக்கே அவர் மூஞ்சி மாறிடுச்சு. முழங்கால் பரவாயில்ல. பெரியவ வேலை மாறிட்டா. சின்னவன் அப்படியேதான் இருக்கான், ஏதாவது கேட்டா கதவ சாத்திக்கறான்.

சரி உன் விஷயத்துக்கு வரேன். வேற வேற ஊர்ல இருக்கற நாப்பது நர்ஸுங்களுக்கு வீடியோ கான்ஃபரன்ஸ்ல ட்ரெயினிங் நடத்தணும், வாரம் ஒரு நாள், ஒண்ணேகால் மணி நேரம், மூணு மாசம்னு உன் தலையில கட்டிட்டாங்கன்னு எழுதியிருந்த. "நீதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவளாச்சே, எந்த ஆப் நல்லது"ன்னு ஒரே ஒரு கேள்வி. கோச்சுக்காத, கேள்வியே தப்புடி. ஆப்ப உங்க ஆபீஸ்ல யாராவது முடிவு பண்ணிட்டு போகட்டும், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பெருசா வித்தியாசம் இல்ல. அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல யார் வாய் திறந்து பேசப்போறாங்கங்கறததான் நீ யோசிக்கணும்.

நான் முதல் முதலா வீடியோ கான்ஃபரன்ஸ் ரூமுக்குள்ள நுழைஞ்சது ஐஎஸ்டிஎன் காலத்துல, அதாவது டெலிபோன் கம்பி வழியா டிஜிட்டலா படமும் குரலும் அனுப்பின காலத்துல. உனக்கு சொல்லியிருக்கேனா தெரியல. ஒரு லைன்ல செகண்டுக்கு 64 கிலோபிட் அனுப்பற சேனல் ரெண்டு இருக்கும், அப்படி மூணு லைன சேத்து கட்டினா 384 கிலோபிட், அதுதான் அப்போ ராஜ வாழ்க்கை. ஒரு லைன் புட்டுக்கிச்சுன்னா படம் அப்படியே உறைஞ்சு நிக்கும், பேசறவர் வாய திறந்தபடியே அஞ்சு நிமிஷம் நம்மள பாத்துக்கிட்டு இருப்பார். பக்கத்துல ஒரு டெக்னீஷியன் பூசாரி மாதிரி நின்னுக்கிட்டே இருக்கணும். இப்போ கையில இருக்கற போன் அந்த ரூம் மொத்தத்தையும் விட நல்லா வேலை செய்யுது. ஆனா அன்னிக்கும் ஒருத்தர் பேசினார், நாப்பது பேர் கேட்டோம். இன்னிக்கும் பெரும்பாலான இடத்துல ஒருத்தர் பேசறார், நாப்பது பேர் கேமராவ ஆஃப் பண்ணிட்டு துணி மடிக்கறாங்க. முன்னாடியாவது தூங்கறது வெளிய தெரியும்.

(ஏடி அண்ட் டிங்கற அமெரிக்க டெலிபோன் கம்பெனி 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியிலேயே பிக்சர்ஃபோன்னு மூஞ்சி தெரியற போன காட்டிச்சு. 1970ல பிட்ஸ்பர்க் நகரத்துல விக்கவும் ஆரம்பிச்சாங்க, பெருசா ஆள் சேரவே இல்ல. மூஞ்சிய பாத்து பேசறதுக்குன்னு ஒரு காரணம் அப்போ யாருக்கும் இல்ல போல. ட்ரெயினிங் நடத்தும்போது எனக்கு அடிக்கடி இது ஞாபகம் வரும்.)

என் மானம் போன கதை ஒண்ணு சொல்றேன், உனக்கு மட்டும்தான். 2020ல ஸ்கூலெல்லாம் மூடினப்போ கணக்கு டீச்சர்களுக்கு ஆன்லைன் ட்ரெயினிங்னு இறங்கினேன். ரெண்டு மணி நேரம், அறுபத்திநாலு ஸ்லைடு. மூச்சு விடாம பேசினேன். "டவுட் இருக்கா"ன்னு கேட்டேன், யாருக்கும் இல்ல. "சூப்பர் மேடம்", "யூஸ்ஃபுல் மேடம்"னு சாட்ல வரிசையா வந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் கிளம்பினப்புறம் ஒரே ஒரு பேர் மட்டும் லிஸ்ட்ல நின்னுச்சு. ஏதோ தனியா கேக்கணும்னு நிக்கறார் போல, பாவம் கூச்சப்படறார்னு நெனச்சு "சார் சொல்லுங்க சார், சார்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், அப்புறம்தான் உறைச்சுது, மனுஷன் போன வெச்சிட்டு எப்பவோ எந்திரிச்சு போயிட்டார்னு. அது கூட பரவாயில்ல. ஒரு மாசம் கழிச்சு அதே குரூப்ல "நான் சொன்னதுல எதையாவது கிளாஸ்ல செஞ்சு பாத்தீங்களா"ன்னு கேட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்னாங்க. செஞ்சீங்களான்னு திரும்ப கேட்டேன். ஒருத்தரும் இல்ல.

அதுக்கப்புறம்தான் தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சேன். உன் தொழிலுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற ஒண்ணு கிடைச்சுது, அத சொல்லத்தான் இந்த கடிதமே. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல சஞ்சீவ் அரோரான்னு ஒரு கல்லீரல் டாக்டர். ஹெபடைடிஸ் சி நோயாளிங்க அவர் கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்க எட்டு மாசம் காத்திருக்கணும், அதுவும் பல மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வரணும். எத்தனை பேர தானே பாக்க முடியும்? 2003ல ப்ராஜெக்ட் எக்கோன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். சின்ன ஊர்ல இருக்கற சாதாரண டாக்டர்கள், ஜெயில்ல வேலை பாக்கற டாக்டர்கள் எல்லாரும் வாரா வாரம் வீடியோல ஒண்ணா உக்காருவாங்க. அவர் லெக்சர் அடிக்கல. சின்னதா ஒரு பாடம் இருக்கும், அவ்வளவுதான். மிச்ச நேரம் பூரா ஒவ்வொருத்தரும் தன் நோயாளியோட கேஸ கொண்டு வந்து வெப்பாங்க, எல்லாரும் சேந்து அலசுவாங்க, அடுத்த வாரம் அந்த ஆளுக்கு என்ன ஆச்சுன்னு திரும்ப பேசுவாங்க. 2011ல ரிசல்ட் வெளியிட்டாங்க: 407 நோயாளிங்க, யுனிவர்சிட்டி கிளினிக்ல குணமானது 57.5 சதவீதம், இந்த சின்ன ஊர், ஜெயில் சென்டர்கள்ல 58.2 சதவீதம். அதாவது ஸ்பெஷலிஸ்ட்டுக்கு கொஞ்சமும் குறையாம கிராமத்து டாக்டர் வைத்தியம் பாத்திருக்கார். நோயாளி எங்கயும் அலையல. அறிவுதான் வீடியோல பயணம் போயிருக்கு.

இத படிச்சிட்டு ரெண்டு நாள் நான் சரியா தூங்கல, நிஜமா. என் அறுபத்திநாலு ஸ்லைடுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

நீயும் அப்படியே செய். வாரம் ரெண்டு நர்ஸ், ஆளுக்கு ஒரு கேஸ், நோயாளி பேர், அடையாளம் எதுவும் வெளிய வரக்கூடாது, அத முதல் நாளே கறாரா சொல்லிடு. அஞ்சு நிமிஷத்துல கேஸ சொல்லட்டும். அப்புறம் மத்தவங்க கேள்வி மட்டும் கேக்கணும், புத்திமதி கிடையாது. கேள்வி தீந்தப்புறம்தான் யோசனை சொல்றது. நீ கடைசியாதான் வாய் திறக்கணும். உனக்கு இது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு தெரியும், காலேஜ்ல நான் ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நீ ரெண்டு முடிச்சிருப்ப. ஆனா நீ முதல்ல பேசினா ஆட்டம் அதோட க்ளோஸ், மேடமே சொல்லிட்டாங்க இனி நமக்கென்னன்னு எல்லாரும் ம்யூட்ல உக்காந்துடுவாங்க.

அந்த மௌனத்த பத்தி ஒண்ணு சொல்லணும். நான் டீச்சர்கள அவங்க கிளாஸ ஏழு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி எடுத்துட்டு வரச் சொன்னேன் (பெத்தவங்க கிட்ட எழுதி வாங்கிட்டுதான், அத விட்டுடாதீங்கன்னு படிச்சு படிச்சு சொல்லி). முதல்ல எல்லாருக்கும் நடுக்கம். ஒரு டீச்சர் தைரியமா போட்டு காட்டினாங்க. அதுல அவங்க கேள்வி கேக்கறாங்க, கேட்ட வேகத்துல அவங்களே பதிலும் சொல்லிடறாங்க, ஏழு நிமிஷத்துல பத்து தடவையாவது. நாங்க யாரும் சொல்லல, அவங்களே பாத்துட்டு "ஐயோ நான் பசங்கள பேசவே விடலையே"ன்னாங்க. மேரி பட் ரோன்னு கல்வி ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா 1970கள்லயே இத கண்டுபிடிச்சிருக்காங்க, கேள்வி கேட்டுட்டு டீச்சர் காத்திருக்கறது சராசரியா ஒரு செகண்டுதானாம், அத மூணு செகண்டா நீட்டினா பசங்க பதில் நீளமாகுது, வழக்கமா பேசாததுங்க கூட பேசுதுங்க. ரெண்டு செகண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்!

இதுல கூத்து என்னன்னா வீடியோல அந்த மூணு செகண்டும் பத்தாது. நேர்ல பேசும்போது ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்க சராசரியா ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்குதான் ஆகும். நெட் வழியா குரல் போக ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தாத்தான் பேச்சு இயல்பா இருக்கும்னு சர்வதேச டெலிகாம் யூனியனே சொல்லியிருக்கு, சின்ன ஊர் நெட்டுக்கு அது பல சமயம் தாண்டிடும். அப்புறம் பேச நெனைக்கறவங்க அன்ம்யூட் பட்டன தேடணும், குழந்தைய வெளிய அனுப்பணும், தைரியம் வரணும். அதுக்குள்ள நாம "டவுட் இல்லையா, சரி அடுத்த ஸ்லைடு"ன்னு போயிடறோம். இல்லன்னா ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஆரம்பிச்சு, நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்கன்னு கடைசில ரெண்டு பேரும் சொல்ல மாட்டாங்க. நான் இப்போ கேள்வி கேட்டுட்டு மேஜைக்கு கீழ விரல் விட்டு பத்து எண்ணறேன். ஏழு வரைக்கும் நரகம். எட்டுல யாராவது ஒருத்தர் மைக்க ஆன் பண்ற சத்தம் கேக்கும் பாரு, அந்த சத்தத்துக்குத்தான் நான் இன்னும் இந்த வேலையில இருக்கேன்.

மைக்னு சொன்னதும் ஞாபகம் வருது, காசு செலவு பண்ண விட்டாங்கன்னா கேமராவுக்கு பண்ணாத, ஹெட்செட்டுக்கு பண்ணு. படம் மங்கலா இருந்தா மனுஷன் பொறுத்துக்குவான், குரல் விட்டு விட்டு வந்தா பத்து நிமிஷத்துல மனசால வெளிய போயிடுவான். குரலுக்கு 100 கிலோபிட் கூட வேணாம், படத்துக்குத்தான் அத விட பல மடங்கு வேணும், அதனால நெட் தள்ளாடுதுன்னா முதல்ல வீடியோவ ஆஃப் பண்ணச் சொல்லு.

கேமரா விஷயத்துல நான் முன்ன ரொம்ப கெடுபிடி, எல்லாரும் ஆன் பண்ணியே ஆகணும்னு நிப்பேன். ஒரு டீச்சர் மட்டும் எப்பவும் ஆஃப். ஒரு நாள் கொஞ்சம் சுள்ளுன்னு கேட்டுட்டேன். மாடிப்படியில உக்காந்திருக்கேன் மேடம், அங்கதான் சிக்னல் கிடைக்குது, போறவங்க வரவங்க எல்லாம் தாண்டி தாண்டி போறாங்கன்னாங்க. அன்னிக்கே விட்டுட்டேன். ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில ஜெரமி பெய்லன்சன்னு ஒரு ப்ரொஃபசர் 2021ல வீடியோ மீட்டிங் ஏன் இவ்வளவு களைப்பா இருக்குன்னு எழுதினார். மூஞ்சிங்க ரொம்ப கிட்டக்க வந்து நம்மளையே முறைச்சு பாக்கறது, நம்ம மூஞ்சிய நாமளே மணிக்கணக்கா பாக்கறது, அசையாம ஒரே இடத்துல கெடக்கறது, சாதாரணமா தலையாட்டறத கூட மெனக்கெட்டு பெருசா ஆட்டிக் காட்ட வேண்டியிருக்கறது. உன் நர்ஸுங்க நைட் ட்யூட்டி முடிச்சிட்டு வந்து உக்காருவாங்க. அவங்கவங்க மூஞ்சிய மறைச்சு வெச்சுக்க ஒரு செட்டிங் இருக்கு, முதல் நாளே அத காட்டிக் குடு. கேஸ் சொல்றவங்க மட்டும் கேமரா ஆன் பண்ணா போதும்.

நாப்பது பேரு ஜாஸ்தி. அஞ்சஞ்சு பேரா எட்டு குழுவா பிரி, மூணு மாசமும் அதே அஞ்சு பேரா வை. வாரா வாரம் கலைச்சு போட்டா போன வாரம் பழகின மூஞ்சி இந்த வாரம் இருக்காது, தப்பு பண்ணிட்டேன்னு யாரும் வாய விட மாட்டாங்க. நம்ம க்ளாஸ்மேட் ஒருத்தி இந்த வயசுல தொலைதூரக் கல்வியில எம்.ஏ. சேந்திருக்கா தெரியுமா? (யாருன்னு கண்டுபிடி, க்ளூ: சைக்கிள்.) அவ கிட்ட கேட்டேன், எப்படிடி விடாம படிக்கறன்னு. ப்ரொஃபசர் நல்லா எடுக்கறார்தான், ஆனா ராத்திரி ஒம்போதரைக்கு அவளும் இன்னும் மூணு பேரும் தனியா வீடியோ கால் போட்டு படிக்கறாங்களாம், அது இல்லன்னா முதல் செமஸ்டர்லயே ஓடியிருப்பேன்னா. மைக்கேல் மூர்னு தொலைதூரக் கல்வி பத்தி எழுதறவர் ஒருத்தர், மாணவர் பாடத்தோட பேசணும், ஆசிரியரோட பேசணும், மத்த மாணவர்களோடயும் பேசணும்னு 1989லயே பிரிச்சு வெச்சிட்டார். நாமதான் மூணாவத மறந்துடறோம்.

ஆனா ஒண்ணு, ஊசி குத்தறது, காயத்துக்கு கட்டு போடறது மாதிரி கைவேலைய வீடியோலயே முடிச்சுடலாம்னு உங்க ஆபீஸ்ல யாராவது கணக்கு போட்டா ஒத்துக்காத. செஞ்சு காட்டலாம், அவங்க செய்யறத போன ஸ்டாண்டுல வெச்சு கையோட க்ளோசப்ல பாத்து திருத்தவும் செய்யலாம், ஆனா தப்பு பண்ணும்போது கைய பிடிச்சு நிறுத்த ஒரு ஆள் அங்க பக்கத்துல நிக்கணும். ஒவ்வொரு சென்டர்லயும் ஒரு சீனியர கேளு. குடுக்கலன்னா அந்த பாடத்த நேர்ல வெச்சுக்க.

லெக்சர் வேணும்னா பத்து நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி முன்னாடியே அனுப்பிடு. பாதி பேர் பாக்க மாட்டாங்க. விடு, கேஸ் பேசும்போது தெரியாம முழிச்சா அடுத்த வாரம் தானா பாப்பாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ஒத்திகை வை, நானும் வரேன். வேணும்னே என் பழைய போன்லதான் வருவேன், நெட்டையும் மட்டமா வெச்சுக்கறேன், கேமரா ஆஃப். நீ கேள்வி கேட்டுட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கன்னு வாட்ச் பாத்துக்கிட்டு இருப்பேன். லிங்க் அனுப்பு, பாஸ்வேர்ட போன தடவ மாதிரி மறந்துடாத.

உன்,
ம்யூட்ல இருந்தாலும் கத்தறவ